காத்திருக்கவா, முடிக்கவா

தணிகாசலம் பதிலளிப்பதை நிறுத்திப் பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் ஒரு பழுப்பு உறை. வலது கை யாரிடமோ எதையோ வாங்க நீண்டு அப்படியே நின்றுவிட்டது. தலைக்கு ஒரு சாண் மேலே, கணினித் திரையில் வருவது போல, நீல நிறத்தில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. மின்விசிறியை எவ்வளவு வேகமாக வைத்தாலும் வளையம் தன் வேகத்தில்தான் சுற்றியது.

அவருடைய மனைவி குமுதவல்லிக்கு அது பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிடுவாள். நீட்டிய கையில் செய்தித்தாளை வைத்துப் பார்ப்பாள். கை அதைப் பிடிக்காது. தாள் கீழே விழும். அவள் அதை எடுத்து மடித்து அலமாரியில் வைப்பாள்.

தினமும் பத்து மணிக்கு இயங்குதள மண்டல அலுவலகத்திலிருந்து கள ஆய்வாளர் நாகலிங்கம் வருவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கூடத்தில் நின்று, தணிகாசலத்தைப் பார்த்தபடி சொல்வார்.

“இவர் பதிலளிக்கவில்லை.”

“தெரியும் சார்.”

“காத்திருக்கிறீங்களா, முடிச்சுடலாமா?”

“காத்திருக்கேன்.”

படிவத்தில் முதல் கட்டத்தில் ஒரு டிக் போட்டு அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். பதினோராவது நாள், புதன்கிழமை, அவர் உடனே போகவில்லை.

“அம்மா, இவர் சும்மா உக்காந்திருந்தாலும் இடத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. தெருவுல மத்தவங்களுக்குப் பத்தல.”

அது உண்மைதான். காட்பாடியில் அந்தத் தெரு மட்டும் மெதுவாகிவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் யோசித்துவிட்டுத்தான் விழுந்தது. பால் காய அரை நாள் ஆயிற்று. எதிர்வீட்டு ஆசிரியை திங்கட்கிழமை சொன்ன வணக்கம் செவ்வாய்க்கிழமை மதியம்தான் குமுதவல்லிக்கு வந்து சேர்ந்தது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம். அப்புறம் ஆபீஸே முடிச்சுடும்.”

“முடிக்கிறதுன்னா?”

“முடிக்கிறதுதான்.”

“அவர் எதுக்குக் காத்திருக்காருன்னு தெரிஞ்சா நான் அதைக் கொண்டாந்து கொடுத்துடுவேனே.”

“அது ஆபீஸ்லதான் தெரியும். நேர்ல வரணும்” என்று சொல்லிவிட்டு நாகலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் குமுதவல்லி கணவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் ஒரு காவலாளி அவள் பையைச் சோதித்தான். பிறகு குடையை வாங்கி விரித்தான். மூடினான். மறுபடியும் விரித்தான்.

“இது என்னம்மா?”

“குடைப்பா.”

“மூடினா ஒரு மாதிரி இருக்கு, விரிச்சா வேற மாதிரி ஆகுது. இப்படிப்பட்டதுதான் உள்ள வந்து வேலையைக் காட்டும்.”

குடையைத் தனிமை அறையில் வைத்துப் பூட்டி அவளுக்கு ஒரு சீட்டு கொடுத்தான். சீட்டில் ‘சந்தேகத்துக்குரியது’ என்று இருந்தது. அது குடையைப் பற்றியதா தன்னைப் பற்றியதா என்று அவள் கேட்கவில்லை.

உள்ளே ஒரு பெரிய மண்டபம். இருநூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் ஒரே ஒருத்தி. பெயர் பத்மாசனி என்று அட்டை சொன்னது. அவள் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, ஒரு சொல்லை மட்டும் கேட்டு, கையிலிருந்த அட்டையில் குறித்துக்கொண்டு, அடுத்தவரிடம் போனாள். இருநூறு பேரையும் முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து வந்தாள். அவ்வளவு வேகமாகச் சுற்றியதால், ஒவ்வொருவரும் அவள் தன்னிடம் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தார்கள்.

“என்” என்றாள் குமுதவல்லி.

பத்மாசனி போய்விட்டு வந்தாள்.

“வீட்டுக்காரர்.”

போய்விட்டு வந்தாள்.

“எதுக்கு.”

‘காத்திருக்காரு’ என்று முடிப்பதற்குள் வெயில் ஜன்னலைத் தாண்டியிருந்தது. பதிலும் அப்படியே வந்தது. நினைவகப். பிரிவு. மூணாவது. கதவு. கடைசிச் சொல்லைச் சொன்னபோது பத்மாசனியின் உதடு வறண்டிருப்பதைக் குமுதவல்லி பார்த்தாள்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

பத்மாசனி அதற்குள் நகர்ந்துவிட்டாள். குமுதவல்லி எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. இன்னொரு சுற்று முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

“இல்ல” என்றாள் பத்மாசனி, அடுத்தமுறை வந்தபோது.

மூன்றாவது கதவு பக்கத்தில்தான் தெரிந்தது. ஆனால் நடக்க நடக்க நடைபாதை நீண்டது. பாதி வழியில் இரண்டு பேர் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார்கள். பின்னால் ஒருவர் ஒரு சமையலறையைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிதறிக் கிடக்கும் குடும்பங்களை ஒரே இடத்தில் சேர்த்து அடுக்குகிறார்களாம். ஒருவருக்குப் படுக்கை முதல் மாடியிலும் தலையணை நான்காவது மாடியிலும் இருந்ததாம்.

“நகராதீங்கம்மா. நீங்க நகர்ந்தீங்கன்னா நாங்க மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றார் சமையலறைக்காரர்.

அவள் அவர்கள் முடிக்கும்வரை சுவரோடு ஒட்டி நின்றாள். கால் கடுத்தது.

நினைவகப் பிரிவில் மேசைகள் கொஞ்சம்தான் இருந்தன. எல்லாவற்றிலும் ஆட்கள்.

“உங்களுக்கு இப்ப ஏதாவது வேலை இருக்கா?” என்று உள்ளிருந்தவர் கேட்டார்.

“காத்திருக்கேன்.”

“அப்ப கிடங்குக்குப் போயிடுங்க. தேவைப்படும்போது எடுத்துக்கறோம்.”

அவளைக் கொல்லைப்பக்கத்துக் கிடங்குக்குக் கொண்டுபோய் ஒரு அலமாரித் தட்டில் உட்கார வைத்தார்கள். அங்கே எல்லாமே மெதுவாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. குமுதவல்லி பன்னிரண்டு நாட்களில் முதல்முறையாகக் காலை நீட்டினாள். கண்ணை மூடினாள். கூப்பிட மறந்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்படவும் அவளுக்குத் தெம்பில்லை.

“அக்கா” என்று பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

ரேணுகா. கொழுந்தன் வேலாயுதத்தின் மனைவி. குடியாத்தத்தில் இருப்பவள். இரண்டு வீட்டுக்கும் பதினான்கு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாமனார் இறந்த பதினாறாம் நாள் காரியத்தோடு அது நின்றுபோயிருந்தது.

“நீ எங்க இங்க?”

“அவருக்குப் பன்னெண்டு நாளா வளையம் சுத்துதுக்கா. ஒரு கையில ஃபிரேமைப் பிடிச்சிருக்காரு. இன்னொரு கை நீட்டின மாதிரியே நின்னுடுச்சு.”

“என்ன ஃபிரேம்?”

“மாமா போட்டோவுக்கு வாங்கினது. தேக்கு.”

குமுதவல்லி எழுந்து உட்கார்ந்தாள். “இவர் கையில போட்டோ இருக்கு” என்றாள். “கவரோட.”

இருவரும் தட்டின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கில் கொஞ்ச நேரம் என்பது வெகுநேரம்.

பிறகு இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்கள். மூத்த அலுவலர் அமிர்தராஜ் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு அம்புக்குறி. மற்றொன்றிலிருந்து திரும்ப இதற்கு ஒரு அம்புக்குறி. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

“முட்டுக்கட்டை. பெரியவர் போட்டோவை விடமாட்டாரு, ஃபிரேம் வரணும். சின்னவர் ஃபிரேமை விடமாட்டாரு, போட்டோ வரணும். உலகம் இருக்கிற வரைக்கும் இப்படியே இருப்பாங்க.”

“பிடுங்கிட முடியாதா?” என்றாள் ரேணுகா.

“பிடிச்சிருக்கிறவரே விட்டாத்தான் உண்டு. யாராவது ஒருத்தரை முடிக்கணும். முடிச்சுட்டு மறுபடியும் தொடங்கலாம். ஆனா கடைசியா எப்பச் சேமிச்சாங்களோ அங்கேர்ந்துதான் தொடங்குவாங்க. அதுக்கப்புறம் நடந்தது போயிடும்.”

பெரிய பதிவேட்டைப் புரட்டினார். பிரதி எடுப்பவர் வருடாவருடம் வீடு வீடாகப் போகிறார். வேலாயுதத்தின் வீட்டுக்குப் போனபோதெல்லாம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடைசிப் பிரதி எடுத்தது அவருக்குக் கல்யாணமாவதற்கு முந்தைய ஆண்டு. தணிகாசலமும் வருடாவருடம் ‘அப்புறம்’ என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன நினைத்தாரோ, சரி எடுத்துக்கொள்ளுங்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்.

“ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நாளைக்குள்ள சொல்லலைன்னா சீட்டுக் குலுக்கிப் போட்டுடுவோம்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரேணுகா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“என் ஆளை முடிச்சா, எழுந்திரிச்சு என்னைப் பார்த்து நீங்க யாருங்கன்னு கேட்பாருக்கா.”

“ம்.”

“நான் அதைச் சொல்லிக் காட்டலை. சொல்றேன், அவ்வளவுதான்.”

குமுதவல்லி ஒன்பது வருடத்தை எண்ணிப் பார்த்தாள். மாமனார் மாடியில் இருந்த பழைய வீட்டை விட்டுவிட்டு இந்த ஓட்டு வீட்டுக்கு வந்தது. அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது மருத்துவமனையில் பத்தொன்பது நாள் அவர் தரையில் படுத்திருந்தது. வீட்டுக்கு வந்தபின் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ கேட்டுக் கேட்டு ரசம் வைத்தது. ரசம் கசந்தது. ஏன் கசந்தது என்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது. அதையெல்லாம் இனி அவள் ஒருத்திதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் மாமனார் போனது. அதுவும் அந்த ஒன்பது வருடத்துக்குள்தான் இருந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள்.

“எங்க வீட்டுக்காரரை முடிச்சுடுங்க சார்.”

“நிச்சயமாவா?” என்றார் அமிர்தராஜ்.

“ஆமா.”

“சேமிக்காதது எல்லாம் போயிடும். நிச்சயமாத்தானா?”

“ஆமாங்க.”

“திரும்பக் கொண்டுவர முடியாது. நிச்சயமா?”

“எத்தனை தடவை சார் கேட்பீங்க?”

“மூணு தடவை” என்று சொல்லிப் படிவத்தைத் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாகலிங்கம் வந்தார். செருப்பை வாசலில் விட்டார். இன்று அவர் எதுவும் கேட்கவில்லை. படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். வளையம் நின்றது. தணிகாசலத்தின் தலை மார்பில் சாய்ந்தது. பழுப்பு உறை மடியில் விழுந்தது. குமுதவல்லி அதை எடுத்து நாகலிங்கத்திடம் கொடுத்தாள். அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு குடியாத்தம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கூடத்தில் வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. அவள் மூச்சை அவளே கேட்டாள். அவர் மூச்சு கேட்கவில்லை.

மதியத்துக்கு முன் தணிகாசலத்தின் வாயிலிருந்து நான்கு சுரத்தில் ஒரு சின்ன இசை வந்தது. தோள் அசைந்தது. கண் திறந்தது.

அதே நேரம் ஃபோன் அடித்தது. ரேணுகா பேசினாள்.

“வளையம் போயிடுச்சுக்கா. போட்டோ கைக்கு வந்ததும் ஃபிரேம்ல மாட்டிட்டாரு. முதல் வார்த்தையே ‘ஆணி எங்கடி’ன்னுதான். அங்க எப்படி இருக்காரு?”

“இப்பத்தான் முழிச்சாரு. அப்புறம் பேசறேன். உன் வீட்டுக்காரர்கிட்ட இந்தப் பக்கம் கொஞ்ச நாளைக்கு ஃபோன் பண்ண வேணாம்னு சொல்லு.”

தணிகாசலம் சோம்பல் முறித்தார். அவருக்கு ஒன்பது வயது குறைந்திருக்கவில்லை. முகம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை முகமாக இருந்தது. சுவர்களைப் பார்த்தார். அவை வேறு வீட்டின் சுவர்கள் என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

“குமுதா, ஏன் தரையில உக்காந்திருக்கே?”

“சும்மாதாங்க.”

“இளைச்ச மாதிரி இருக்கே.”

அவள் அடிவயிற்றுத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “அப்படியா” என்றாள்.

“அப்பா எழுந்துட்டாரா?”

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பதினான்கு மாதத்துக்கு முன் அந்தச் செய்தி வந்தபோது இவர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதது ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டி காலியாகும்வரை அழுதார். அதை இன்னொரு முறை கதவுக்கு வெளியே நின்று கேட்க வேண்டும். இன்று அவளால் ஆகாது. நாளை பார்க்கலாம்.

“எழுந்துட்டாரு” என்றாள்.

“மாடிக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தியா?”

“இதோ கொடுக்கறேன்.”

பால் நான்கு நிமிடத்தில் காய்ந்தது. வாசலில் எதிர்வீட்டு ஆசிரியையின் வணக்கம் சொன்னவர் வாய் மூடுமுன் வந்து சேர்ந்தது. தெரு சரியாகிவிட்டது. குமுதவல்லி டவரா டம்ளரில் காபியை ஆற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. ஆனால் இன்று கூடத்து மூலையில் ஒரு படிக்கட்டு இருந்தது. அவள் ஏறினாள். பதினாறு படி. பன்னிரண்டாவதில் நின்று மூச்சு வாங்கினாள்.

மேலே ஒரு அறை. ஒரு ஈஸிசேர். திறந்த ஜன்னல். மடித்து வைத்த ஒரு போர்வை. வேறு யாரும் இல்லை.

ஈஸிசேரில் மெதுவாகச் சாய்ந்தாள். காபியை இரண்டு வாய் குடித்தாள்.

“என்ன குமுதா” என்று கீழேயிருந்து தணிகாசலம் குரல் கொடுத்தார். “அப்பா என்ன சொல்றாரு?”

அவள் டம்ளருக்குள் பார்த்தாள்.

“சர்க்கரை கம்மியாம்” என்றாள்.