சகலை சொன்ன யோசனை

அக்காவைக் கட்டியவர் மூத்தவர், தங்கையைக் கட்டியவன் சின்னவன். மாமனார் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது போதாதென்று, தொலைபேசிக் கம்பெனியிலும் இந்தச் சகலைகளுக்கு எதிரெதிர் மேஜை. மூத்தவர் பழைய லைன்களைப் பார்ப்பவர். அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்த லைன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி பாக்கெட் நெட்வொர்க்கில் ஏற்றுவது சின்னவன் வேலை. எல்லாம் ஏற்றி முடிந்ததும் அறையில் ஒரு மேஜைதான் இருக்கும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். யாருடைய மேஜை என்று சொல்லவில்லை. அதை வேறு வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாக்கும்!

"சின்ன மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் மூளை" என்பாள் மாமியார், மூத்தவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. மூத்தவருக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும், அவரும் மனுஷன்தானே.

முதலில் ஏற்ற எடுத்தது மின்சாரக் கம்பெனி லைனை. ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு சப்ஸ்டேஷன், அந்தப் பக்கம் ஒன்று. இரண்டிலும் இருக்கும் காவல் கருவிகள் அந்த லைன் வழியாக ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். பேச்சு நொடிப்பொழுது அறுந்தாலும் என்னவோ ஏதோ என்று பயந்து கரண்டை வெட்டிவிடும்.

பழைய முறையில் கடிகாரம் லைனோடு கூடவே வரும். இரண்டு முனையும் ஒரே தாளத்தில் நடக்கும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு முனையிலும் ஒரு பெட்டி, பேச்சைத் துண்டு துண்டாக்கி, பொட்டலம் கட்டி அனுப்பும். பொட்டலங்கள் முன்னே பின்னே வரும் என்பதால், மறுமுனைப் பெட்டி கொஞ்சத்தைச் சேர்த்து வைத்து வரிசையாக எடுத்துவிடும். அந்தச் சேமிப்புக்கு பஃபர் என்று பெயர். இதில் ஒரு பெட்டி அடுத்த பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டும். சின்னவன் இரண்டையும் அதனதன் சொந்தக் கடிகாரத்தில் விட்டிருந்தான். ஒன்று துளி வேகம், ஒன்று துளி மந்தம். சேமிப்பு மெல்ல மெல்லக் கரைந்து காலியாகும்போதெல்லாம் பேச்சு அறுந்தது. நல்லவேளை, அப்போது சோதனைதான் நடந்துகொண்டிருந்தது. கருவிகளை இன்னும் இணைக்கவில்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம் வாங்களேன். நல்லாத்தான் ஓடுது, திடீர்னு அறுந்துடுது. எனக்குத் தலையே சுத்துது."

திரையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார் மூத்தவர். கடிகார வரியில் கண் நின்றது. தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டார்.

"பஃபரைப் பெரிசாக்குப்பா. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

"அவ்வளவுதானாண்ணே?"

"அவ்வளவுதான்."

பாவி மனுஷன்! தொட்டியைப் பெரிசாக்கினால் ஓட்டை அடைபடுமா? காலியாக நேரமாகும், அவ்வளவுதானே. சோதனை பார்க்க வந்தவர்கள் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள்; ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. கைதட்டி, கருவிகளை இணைத்துக்கொண்டு போனார்கள். "அண்ணே, நீங்க தெய்வம்ணே" என்று சின்னவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மூத்தவருக்கு அன்றிருந்த சந்தோஷம் அவர் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அந்த வாரமே, பட்டப்பகலில், பாதி ஊருக்குக் கரண்ட் போனது. வந்தது. மறுநாள் மறுபடி போனது. லிஃப்டுகளில் ஆட்கள் மாட்டிக்கொண்டு கத்தினார்கள். மின்சாரக் கம்பெனி அதிகாரி நேரே அறைக்குள் வந்து, சின்னவனை நிற்கவைத்துக் கிழி கிழியென்று கிழித்தார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் ஏதாவது சொல்வார் என்று ஒரு பார்வை பார்த்தான். அண்ணன் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம், கிளம்பு" என்றார் மேனேஜர் அவனிடம். மூத்தவர் பக்கம் திரும்பி, "உங்களால முடியுமா சார்?" என்றார்.

மூத்தவர் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடித்தார். கேபிளைப் பிடுங்கினார், ஊதினார், செருகினார், நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் ஒரு முனையின் கடிகாரத்தை மாற்றினார். ஒரே வரி. திரையில் ஓடிய கோடு ஆடாமல் நேராக நின்றது.

பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற சின்னவன் அதைப் பார்த்துவிட்டான்.

"இதுதானாண்ணே? அன்னைக்கு இந்தப் பக்கத்தைத்தானே திறந்து காட்டினேன்?"

"காட்டினே" என்றார் மூத்தவர், திரும்பாமலே. "காட்டினா நான் சொல்லணுமா?"

அவன் படியிறங்கிப் போய்விட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் மூத்தவர் தட்டில் முதலில் பரிமாறினாள். கொழுந்தியாள் அழுது வீங்கிய கண்ணோடு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மூத்தவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்தது தீயணைப்பு நிலையத்து லைன். எங்கே நெருப்புப் பிடித்தாலும் கூப்பாடு வருவது அதில்தான். மூத்தவர் கடிகாரத்தைக் கச்சிதமாக வைத்தார். ஆனால் பெட்டியில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. நெட்வொர்க் ஏதோ ஒன்றை மறுக்கிறது. எதை, ஏன்? ஒரு மண்ணும் விளங்கவில்லை. பின்னால் தீயணைப்பு அதிகாரியும் மேனேஜரும் நின்றிருந்தார்கள்.

"உங்களுக்குத் தெரியும்னுதானே சார் இந்த மேஜையை உங்களுக்குக் குடுத்தேன்?" என்றார் மேனேஜர்.

மூத்தவர் நடைக்கு வந்து, வெட்கத்தை விட்டு, சின்னவனைப் போனில் கூப்பிட்டார்.

"சொல்லுங்கண்ணே! சாப்பிட்டாச்சா? அக்கா நல்லா இருக்காங்களா?" குரலில் தேன் வழிந்தது. விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "மூணாவது வரியில முன்னுரிமைன்னு போட்டிருக்கும் பாருங்க. அதை எடுத்துடுங்க. விளக்கு பச்சையாயிடும்."

"எடுத்தா பின்னாடி ஒண்ணும் ஆகாதே தம்பி?"

"டெஸ்ட்ல ஒரு குறையும் வராதுண்ணே."

"டெஸ்டுக்கு அப்புறம்?"

போனில் கொழுந்தியாள் ஏதோ கேட்பதும், அவன் "ஒண்ணுமில்ல, அண்ணன்தான்" என்பதும் கேட்டது.

"தம்பி, உண்மையைச் சொல்லுப்பா. இது நெருப்பு சமாசாரம்."

"உங்ககிட்ட நான் பொய் சொல்வேனாண்ணே?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மூத்தவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். நெட்வொர்க்கில் நெரிசல் வரும்போது நெருப்புக் கூப்பாட்டை முதலில் விடச் சொல்லும் வரி அது; அவருக்கு அது தெரியாது. தெரியாது என்று சொன்னால் மேஜை போய்விடும். எடுத்தார். விளக்கு பச்சையானது.

தீயணைப்பு அதிகாரி ரிசீவரை எடுத்து, மறுமுனையில் இருந்தவரோடு ரெண்டு வார்த்தை பேசினார். "ஆகா, பக்கத்துல இருந்து பேசற மாதிரி இருக்கு. நம்பி விடலாமா சார்?"

மேனேஜர் மூத்தவரைப் பார்த்தார்.

"தாராளமா விடலாம் சார்" என்றார் மூத்தவர்.