பலகையைத் துடைத்தவள்

அழுக்கைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. பிழைப்புக்காக வந்த இடத்தில் பதினோரு வருஷம் அடுத்தவர் வீட்டைத் துடைத்த கை. அந்த ஞாயிறும் வகுப்புக்கு அரை மணி முன்னதாகவே வந்து, ஜன்னல்களைத் திறந்து, பெஞ்சுகளை நேராக்கினாள். வெள்ளைப் பலகை முழுக்கக் கட்டம் கட்டமாக ஏதோ எழுதியிருந்தது. படித்துப் பார்க்கத் தோன்றவில்லை; துடைக்கத்தான் தோன்றியது. ஈரத்துணியால் ஒரே இழுப்பு. பலகை பளபளத்தது.

வீட்டுவேலை செய்யும் பெண்களுக்காகக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் வகுப்பு அது. இன்று தேர்வு; நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒவ்வொருவரும் நின்று பேச வேண்டும். நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்பில் ஒரே ஓர் இடம், போட்டிக்கு ஐந்து பேர். கிடைத்தால் அடுப்படியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பாடம் சொல்லித்தரும் மாணவி உள்ளே வந்தாள். தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் 'கண்ணாடி'தான். பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இங்க இருந்த அட்டவணை எங்க?"

"அட்டவணையா? கிறுக்கல்னு நெனச்சு..."

"உங்களுக்குத்தான்க்கா எழுதினேன்! அதைத் தொட்டுக் காட்டிப் பேசினா போதும்னு காலையில இருந்து உக்காந்து எழுதினேன்!"

குழந்தை பார்க்கும் வேலை செய்யும் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். "இவளை விட்டா தேர்வு வைக்க வர்றவங்க மூஞ்சியையும் துடைச்சு வெச்சிடுவா!"

"நீ வேற, வாயை மூடுடி."

தேர்வு வைக்க வந்தவர் நர்ஸுகளுக்குப் பயிற்சி தரும் ஓர் அம்மா. நல்ல கனத்த உடம்பு. அவள் முறை வந்ததும் வெறும் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட வரவில்லை. சட்டென்று சொன்னாள்:

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பெஞ்சுல கொஞ்சம் படுக்கறீங்களா?"

சொல்லிக்கொண்டே இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டாள். அந்த அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். அவள் தன் துப்பட்டாவை அவர் முதுகுக்கடியில் விரித்து, முழங்காலை மடக்கி, "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி ஒரே ஆளாகப் பக்கவாட்டில் திருப்பினாள். பெஞ்சு கிறீச்சிடக்கூட இல்லை.

வேலை செய்த வீட்டில் முதலாளியம்மாவின் அப்பாவை மூன்று வருஷம், முதுகு சிவந்து புண்ணாகாமல் இருக்க, இப்படித்தான் திருப்பினாள். அதே வருஷங்களில் ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோன தன் கணவனை யார் திருப்பினார்களோ, அவளுக்குத் தெரியாது.

"வலிக்கவே இல்லையே!" என்றார் அந்த அம்மா, படுத்தபடியே. "சரி, திருப்பினா குறிச்சு வைக்கணும். எழுத வருமா?"

கண்ணாடி நகத்தைக் கடித்தாள். பலகையைத் துடைத்தவள் பேனாவை எடுத்தாள். நாலு மாதம் முன்புவரை கைநாட்டு வைத்த விரல். பலகையில் கோணல்மாணலாக, ஆனால் தப்பில்லாமல் எழுதினாள்: 'பத்து மணி. இடது பக்கம் திருப்பியது. முதுகில் சிவப்பு இல்லை.'

தோழி விசிலே அடித்துவிட்டாள்.

மற்றவர்களும் பேசி முடித்த பிறகு அந்த அம்மா அவளிடம் வந்தார். "இடம் உங்களுக்குத்தான். புதன்கிழமை சாயங்காலமும் வகுப்பு உண்டு. வேலை செய்யற வீட்டுல விடுவாங்களா?"

'கேட்டுச் சொல்றேன்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"நான் வர்றேம்மா," என்றாள். "அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்."