பால் தொட்டிக்கு வந்த ஆள்

"நல்லா ஓடுதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. ஓட்டிப் பாக்கலையா?" என்று வக்கீல் கேட்டார்.

கனிஷாய் பார்க்கவில்லை. குத்தகைத் தவணையில் எடுத்த, பாலைக் குளிரூட்டும் தொட்டி வந்த அன்று வீட்டில் ஆடு அறுத்திருந்தார்கள். பெரியவர்கள் கையேந்தி ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆசி விழுந்த பொருளை உடனே சோதித்துப் பார்ப்பது நன்றாக இருக்காது. லாரிக்காரன் தாளை நீட்டினான். கொழுப்பு ஒட்டிய கையோடு அவள் எழுதிக் கொடுத்தாள்.

தொட்டி முக்கால் மணி நேரம் ஓடும். பிறகு நின்றுவிடும். விடிந்தால் ஊர்ப் பால் முழுக்கப் புளித்திருக்கும்.

"வித்தவன் மேல கேஸ் போடலாம். ஆனா அவன் கடையவே மூடிட்டுப் போயிட்டானே. குத்தகைக் கம்பெனிக்கே திருப்பிக் குடுத்தாலும் மிச்சத் தவணை நிக்கும். ஜாமீன் போட்ட உங்கண்ணன் வீட்டத்தான் புடிப்பான்" என்றார் வக்கீல். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஒப்பந்தத்த அப்படியே ஏத்துக்க வேற ஆள் கெடைச்சா, ரெண்டு பேரும் தப்பிச்சீங்க."

ஆளை அண்ணன் தொக்தோசுன்தான் தேடிக் கொண்டுவந்தான். மணமுறிந்து வந்த கனிஷாய்க்குத் தன் வீட்டில் அறையும் கொட்டகையும் கொடுத்தவன் அவன். தொட்டியை ஏற்க வந்தவள் பெயர் மீரிம், கணவாய்க்கு அப்பால் உள்ள ஊர். கம்பெனியும் சம்மதித்துவிட்டது. அன்று மாலைக்குள் நகரத்தில் கையெழுத்து.

மீரிம் கொட்டகைக்குள் வந்த பிறகுதான் தொக்தோசுன் தொட்டியை ஓடவிட்டான். அவள் எஃகின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அடேயப்பா! எங்க மாமியார் பார்வை மாதிரில்ல குளுருது."

தொக்தோசுன் உரக்கச் சிரித்தான். "ஒரு வாய் டீ குடிச்சிட்டுக் கெளம்பிடலாம்."

சுவருக்கு அப்பால் தொட்டி உறுமிக்கொண்டிருந்தது. கனிஷாய் ரொட்டியைப் பிய்த்து வைத்தாள். கெண்டியை எடுத்து, மீரிமின் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றினாள்.

"நெறைய ஊத்தேன். என் தங்கச்சிக்குக் கை இழுக்குது" என்றான் அண்ணன்.

"நெறைய ஊத்தி என்னைத் தொரத்தப் பாக்குறீங்களா அண்ணே? கிண்ணம் ரொம்பினா கெளம்புன்னுல்ல அர்த்தம். அக்காவாச்சும் இருக்கச் சொல்லுது."

குடித்தாள். கிண்ணம் திரும்பி வந்தது. கனிஷாய் கெண்டியைச் சாய்க்காமல் பிடித்திருந்தாள்.

"ஒனக்கு யாரு ஜாமீன், தங்கச்சி?"

"யாரு போடுவா? எங்கண்ணன்தான். அண்ணி மூணு நாளா என் மொகத்தப் பாக்கல."

கனிஷாய் ஊற்றினாள். கால் கிண்ணம்.

தொக்தோசுன் கார்ச் சாவியை மேசையில் தட்டினான். "ஆபீஸ மூடிருவாங்கம்மா."

"இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும்ணே."

"கனிஷாய்."

"பொண்ணு தூரத்துலேருந்து வந்திருக்கு."

மீண்டும் ஊற்றினாள். அதைவிடக் குறைவாக. மீரிம் தன் ஊர்ப் பசுக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், எந்த வீட்டுப் பால் கெட்டி, யார் தண்ணீர் கலப்பார்கள் என்று. தொக்தோசுன் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உறுமல் நின்றது.

மீரிம் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "கரண்ட் போச்சா?"

தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தொக்தோசுனைப் பார்த்தாள். கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்துக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து மேலங்கியை மாட்டினாள். வாசலில் கனிஷாயின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

கனிஷாய் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே."

அவன் கெண்டியை எடுத்து அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். ஊற்றினான். விளிம்பு வரை வந்தும் நிறுத்தவில்லை. தேநீர் வழிந்து மேசை விரிப்பில் பரவியது. கிண்ணத்தை அவள் முன் நகர்த்தினான்.

அவள் இரண்டு கைகளாலும் எடுத்து, ஆறும் முன்பே குடித்து முடித்தாள்.