சேற்றின் மேல் நின்ற தண்ணீர்

பாஞ்சாலை அத்தை கடைசி வாளியையும் லோங்காங் சாக்கடையில் கவிழ்த்தாள். சாவு விழுந்த வீட்டில் சொட்டுத் தண்ணீர் தங்கக் கூடாது. அண்ணனுக்காக அழுதபடியே குடம், பிளாஸ்க், ஐஸ் பெட்டிப் போத்தல் என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்திருந்தாள். துக்கம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

கூடாரம் போடுகிறவர்களுக்கு இடம் காட்டிவிட்டு வந்த அண்ணன் மகள் புனிதா, காலி வாளிகளைப் பார்த்ததும் அப்பாவின் அறைக்கு ஓடினாள். கட்டிலோரம் அவள் குழாய்களை மூடியிருந்த கறுப்புத் துணி விலகிக் கிடந்தது. கண்ணாடிக் குழாய்களில் சேறு மட்டும்தான் மிச்சம்.

“அத்தே, இதுல இருந்த தண்ணி?”

“அதையும் லோங்காங்ல ஊத்திட்டேன் லா. ஒரே நாத்தம். சாவுத் தண்ணிய வச்சிருக்கலாமா?”

போர்ட்டிக்சன் கடலடிச் சேறு அது. மேலே நிற்கும் தண்ணீரில் சேறு என்னென்ன கரைத்து விடுகிறது, அதிலிருந்து எவ்வளவு பிராணவாயுவை இழுத்துக்கொள்கிறது என்று அளப்பதுதான் புனிதாவின் ஆராய்ச்சி. அதற்கு இருட்டும் குளிரும் வேண்டும். சுவா எஸ்டேட்டின் அந்தத் தோட்டத்து வீட்டில் ஏர்கோன் இருந்தது அப்பா அறையில் மட்டும்தான்.

தோட்டத்து லோரி ஓட்டிய அப்பா சுகுமாறன் நுரையீரல் கெட்டுப்போய் அங்கேதான் படுத்திருந்தார். “சேத்துக்கும் மூச்சு வாங்குதாம்மா? அப்ப எனக்கு ஜோடி கெடச்சிருச்சு” என்று சிரிப்பார். குளிரில் இருமி இருமித் துவண்டாலும் ஏர்கோனை அடைக்க விடமாட்டார். “ஒன் படிப்பு முடியட்டும். எனக்குத்தான் போர்வ இருக்குல்ல.”

மேலே நின்ற தண்ணீர் போனதும் இந்தச் சேறும் ஆராய்ச்சிக்கு உதவாது; மறுபடி சேறு எடுக்கப் போகலாம் என்றால் அந்த இடத்தில் இப்போது கடலே இல்லை. இவள் எடுத்து வந்த கையோடு, ஹோட்டல் கட்ட மணலைக் கொட்டி மூடிவிட்டார்கள். அப்பாவும் போய், அப்பா தாங்கிய குளிரும் வீணாய்ப் போயிற்று. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அத்தை அவள் முகத்தையே பார்த்தாள். “தப்பா செஞ்சிட்டேனா புனிதா?”

புனிதா கறுப்புத் துணியை மடித்து வைத்தாள். “இல்ல அத்தே.”

“அண்ணன் தலமாட்டுல ஊதுபத்தி குத்தி வைக்க ஒரு வாழப்பழம்கூட இல்ல. வேற ஏதாச்சும் இருக்கா பாரேன்.”

புனிதா ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே கிடத்தியிருந்த அப்பாவின் தலைமாட்டில் அதை நிறுத்தி, ஊதுபத்தியைச் சேற்றில் குத்தினாள்.

“பரவால்லியே, ஆடாம நிக்குது” என்றாள் அத்தை.

புனிதா இன்னொன்றைப் பற்றவைத்தாள்.