பதினெட்டுச் சொல் பலகை

தாவரவியல் பூங்காவில் அவன் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஒரு பலகைக்குப் பதினெட்டுச் சொல்தான் என்பது இயக்குநர் போட்ட சட்டம். பத்தொன்பதாவது சொல்லைப் படித்தால் பார்வையாளருக்கு மூளை கொதித்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

டிஜிட்டாலிஸ் செடியின் பலகைக்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. பெயரின் லத்தீன் வேர்ச்சொல் வேண்டும் என்றார் இயக்குநர். பூ விரலுறை போலிருப்பதைக் குறிப்பிடாவிட்டால் உலகமே காறித் துப்பும் என்றார் துணை இயக்குநர்.

"சார், இலை விஷம்னு ஒரு வார்த்தை..." என்று இழுத்தான் அவன்.

"பதினெட்டு ஆயிடுச்சேப்பா. லத்தீனை எடுத்துடலாமா, சொல்லு?" என்றார் இயக்குநர்.

எல்லோரும் அவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு எழுதினான்:

'டிஜிட்டாலிஸ்: லத்தீனில் டிஜிட்டஸ் என்றால் விரல். பூ தையற்காரரின் விரலுறை போன்றிருப்பதால் வந்த பெயர். இந்தச் செடியின் இலையிலிருந்து புகழ்பெற்ற இதய மருந்து தயாரிக்கப்படுகிறது.'

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அண்ணனும் அண்ணியும் பூங்காவுக்கு வந்தார்கள். அண்ணனுக்கு இதயம் பலவீனம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவனுக்கு அன்று விடுமுறை.

செவ்வாய்க்கிழமை அண்ணியிடமிருந்து போன். "தம்பி, உங்கண்ணன் விடாம வாந்தி எடுக்கறாரு. பார்க்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியுதாம். ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

ஓடினான். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கைப்பையிலிருந்து மிச்சமிருந்த இலைகளை எடுத்து நீட்டினாள். "கொதிக்க வெச்சுக் குடுத்தேன். ரெண்டு நாளா, மூணு வேளையும்."

"டிஜிட்டாலிஸ்" என்றான் அவன். டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை, ஓடினார்.

அண்ணனின் நாடி முப்பதுக்கு இறங்கியிருந்தது. "டேய், என்னடா மஞ்சள் சட்டை? மாப்பிள்ளை மாதிரி?"

"வெள்ளைண்ணா."

"புளுகாதடா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் கதவைத் திறந்து, இல்லை என்று தலையசைத்தார்.

 அண்ணி சொன்னாள்: "வேற யாராவது எழுதியிருந்தா அந்தச் செடியைத் தொட்டிருக்கவே மாட்டேன் தம்பி. 'என் தம்பி கையெழுத்து, பாருங்க'ன்னு அங்க வந்தவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டினாரு."

நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள். "இறந்தவருக்கு நீங்க என்ன உறவு? இங்க எழுதுங்க."

பேனாவை வாங்க அவன் கை எழவில்லை. அண்ணிதான் வாங்கி, 'மனைவி' என்று எழுதினாள்.