இறங்கினவர்

"பெட்டியை உள்ளுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ!"

சிவனேஸ்வரி கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. லண்டனின் சட்டன் பகுதியில் அந்த வீட்டின் முன்னால் நின்ற கறுப்புக் காருக்குள் அவளுடைய கணவர் கணேசலிங்கம் பெட்டியில் கிடந்தார். தூக்க வந்த வெள்ளைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். வாசலை மறித்துக்கொண்டு நின்றவர் கணேசலிங்கத்தின் தமையன் தியாகராஜா.

"பிள்ளை, அவச்சாவை வீட்டுக்குள்ள எடுக்கிறேல்லை. நேரே எரிக்கிற இடத்துக்குப் போகட்டும்."

"ஆர் சொன்னது அவச்சாவெண்டு?"

தியாகராஜாவேதான் சொன்னார். ஐம்பது வயதில் கிளைடர் என்று எஞ்சின் இல்லாத விமானத்தில் ஏறி, வேல்ஸ் மலைகளுக்கு மேல் இடிமுகிலுக்குள் புகுந்து விழுந்த விசரன் என்று, ஹரோவிலிருந்து ஸ்ட்ரெதம் வரை போன் போட்டுச் சொல்லிவிட்டார். டொக்டர் மாரடைப்பு என்றதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. விழுந்த பயத்தில் வந்த மாரடைப்பு என்று அதையும் கதையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

சாவையாவது தாங்கலாம், இந்தக் கதையைத் தாங்க முடியவில்லை அவளுக்கு. கோடைதோறும் மலையடிவாரத்தில் காரோடு காத்திருந்தவள் அவள். இந்த முறைதான் வேலையில் ஷிப்ட் என்று போகவில்லை. முகில் பூக்கோவா மாதிரி உருண்டு வெளுத்திருக்கும்வரை அவர் பறப்பார். அடி கறுத்துத் தலை தட்டையானால் மழை கிட்ட வந்துவிட்டது என்று உடனே இறங்கிவிடுவார். கிளப்பில் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணுவார்கள்.

நீண்ட வெள்ளை டிரெயிலரை இழுத்தபடி பீற்றரின் கார் வந்து நின்றது. கணேசலிங்கத்தோடு பறக்கிற தமிழ்ப் பெடியன், அன்று தேடிப்போய் அவரைக் கண்டவனும் அவன்தான். சிவனேஸ்வரிதான் வரச் சொல்லியிருந்தாள்.

"திற தம்பி. எல்லாரும் பார்க்கட்டும்."

பீற்றர் கிளைடரின் கழற்றிய இறக்கை ஒன்றை வெளியே இழுத்தான். அது முன்தோட்டப் புல்லிலிருந்து நடைபாதை வரை நீண்டு கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

"இப்ப நீ கண்டதைச் சொல்லு."

"செம்மறி மேயிற வயலில பூப்போல இறக்கியிருந்தார் அண்ணை. காத்துத் தூக்காமல் இறக்கை ரண்டையும் முளை அடிச்சுக் கட்டியிருந்தது. விமானக் கண்ணாடிக்கு உறையும் போட்டிருந்தது. இறக்கைக்குக் கீழ சாஞ்சு இருந்தார், கையில பாதி கடிச்ச மீன் ரோல். சுத்திவர வெள்ளம். அவர் இருந்த இடத்தில மட்டும் புல்லுக் காய்ஞ்சு கிடந்தது. மழைக்கு முதலே வந்து இருந்திட்டார்."

சிவனேஸ்வரி படியில் ஏறித் தியாகராஜாவின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"விழுந்தவர் முளை அடிப்பாரோ அத்தான்? இவர் இறங்கினவர். இறங்கி, கட்டிப்போட்டு, சாப்பிட இருந்தவர். உங்கட தம்பி வீட்டுக்கு வாறார். தள்ளுங்கோ."

தியாகராஜா வாசலை விட்டு விலகினார்.

பெட்டி நடு அறையில் வைக்கப்பட்டது. ஐயர் தொடங்கியதும் தூரத்தில் இடி கேட்டது. மழை வரப்போகுது, கெதியாய் முடியுங்கோ என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். சிவனேஸ்வரி யன்னலருகே போய் மேலே பார்த்தாள்.

"முகிலின்ர தலை இன்னும் தட்டையாகேல்லை. ஆறுதலாய்ச் செய்யுங்கோ ஐயா."

வெளியே காற்றுக் கிளம்பியிருந்தது. புல்லில் கிடந்த இறக்கையின் நுனி மெல்ல மேலெழ, தியாகராஜா கோட்டோடு முழங்காலில் இருந்து அதை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.