கழுவாத ரோல்

முதல் பாட்டிலைத் திறந்தபோதே எனக்குக் குமட்டியது. தம்பி மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. என் குளியலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நான் துணி அலசுகிற வாளியில் மூன்று மருந்து பாட்டில்களையும் நிற்கவைத்து, தெர்மாமீட்டரை முறைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரியிலேயே இருக்க வேண்டுமாம்; கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கலர் கெட்டுவிடுமாம். நாள் முழுக்கப் பல் ஆஸ்பத்திரியில் ஊரார் எச்சிலையும் ரத்தத்தையும் கழுவுகிறவள் நான். அங்கே வராத குமட்டல் சொந்த வீட்டில் வந்தது. வடிகாலில் சுருண்டு கிடந்த தலைமுடிக்குப் பக்கத்திலேயே டீ டம்ளரை வைத்து, அதை அவ்வப்போது எடுத்துக் குடிக்கவும் செய்தான். கருமம்.

அம்மா போனபிறகு தையல் மிஷின் இழுப்பறையைக் காலி செய்தபோது அகப்பட்ட ஒரு பிலிம் ரோலைக் கழுவத்தான் இத்தனையும். அப்பாவின் படம் என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஆள் ஓடிப்போன வாரமே அம்மா எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்திவிட்டாள். இது கழுவாத ரோல், இன்னும் படமாகவில்லை, அதனால் தப்பித்தது. அதுவும் ஸ்லைடு ரோல். நெகட்டிவ், பிரிண்ட் எதுவும் கிடையாது, பிலிமிலேயே கலர்ப் படம் நேராக வந்துவிடும். இப்போது இதையெல்லாம் யார் கழுவித் தருகிறார்கள் என்று ஸ்டூடியோக்காரர் கைவிரித்துவிட்டார். தம்பி செல்போன் ரிப்பேர் செய்கிறவன், எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. எங்கிருந்தோ மருந்தை வரவழைத்துவிட்டான். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இந்த நாற்றம் ஆகாது என்று என் வீட்டுக்குத் தூக்கி வந்தான். இளிச்சவாய் அக்கா இருக்கிறாளே.

எல்லாம் அந்தக் கைக்குழந்தையால் வந்ததுதான். பார்க்க வந்தவர்கள் மூக்கு யார் ஜாடை, காது யார் ஜாடை என்று ஆரம்பித்தார்கள். அவன் மாமனார் வீட்டார் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டபிறகும் காது மட்டும் மிச்சம் நின்றது. விடைத்துக்கொண்டிருக்கிற காது. யாருடையது என்று கேட்டார்கள். இவன் என்னைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன்.

“ஒரே ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டாப் போதும்க்கா. அவரு நல்லவரா கெட்டவரான்னு நான் கேக்கல.”

எனக்கு அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். குடித்துவிட்டுப் பாயிலேயே வாந்தியெடுத்து அதிலேயே புரளும் ஆளை நானும் அம்மாவும் இழுத்துப் போட்டுக் கழுவுவோம். சின்ன வயதிலேயே கழுவக் கற்றுக்கொண்டேன். தம்பி பிறக்க அம்மாவுக்கு வலி கண்டபோது, வண்டி கூட்டி வருகிறேன் என்று அப்பா கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனார். வண்டி வந்தது. கூட்டி வந்தவர் பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர்காரர். அம்மாவின் அலறல் கேட்டு அவராகவே ஓடியிருக்கிறார், ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய நின்றிருக்கிறார். அடுத்த வருடமே அவரும் கடையைக் காலி செய்துகொண்டு வேறு ஊர் போய்விட்டார். அப்பா இன்னும் வண்டி தேடிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் தம்பிக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். இருந்தும் மூஞ்சி வேண்டுமாம் அவனுக்கு.

வெளிச்சம் புகாத பைக்குள் கையை விட்டு, ரோலைப் பிரித்து, சக்கரத்தில் சுற்றி டப்பாவில் அடைக்கிற வேலையை என் தலையில் கட்டினான். இரண்டு தடவை கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். நகத்தை வெட்டிக்கொள்ளச் சொன்னான். ஈரத்தில் பிலிம் பாகாக இருக்கும், நகம் பட்டால் படம் அப்படியே உரிந்து வந்துவிடுமாம். ஆஸ்பத்திரிக் கையுறையைப் போட்டுக்கொள்கிறேன், சும்மா இரு என்றேன்.

மருந்தை ஊற்றினான், டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினான், கொட்டினான், கழுவினான், அடுத்ததை ஊற்றினான். நான் ஓயாமல் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். கொட்டிய தண்ணீர் ஊதாவும் பழுப்புமாகத் தரையில் பரவி என் செருப்பை நனைத்தது. மூன்றாவது மருந்துதான் மகா மோசம். மூத்திரச் சந்தில் அழுகிய முட்டையை உடைத்தது மாதிரி ஒரு நாற்றம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். இத்தனை நாற்றமும் எதற்கு, அந்த ஆளுடைய மூஞ்சிக்கு.

கடைசியாக டப்பாவைத் திறந்து பிலிமை உருவினான். படமே இல்லை. நீளம் முழுக்கப் பால் கலந்த நீலமாக ஒரு மங்கல், அவ்வளவுதான். சளி மாதிரி வழவழவென்று தொங்கியது. பல்பில் காட்டினான், திருப்பிக் காட்டினான்.

“போச்சுக்கா,” என்றான். அதைச் சுருட்டி, சமையலறைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், நான் யாருக்கும் கடன்பட்டவள் இல்லை. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, குளியலறையைப் பினாயில் ஊற்றித் தேய்த்தேன். வாளியைத் தூர எறியலாமா என்று யோசித்தேன். பிறகு குப்பைப் பையை முடிச்சுப் போட வந்தபோது, தொட்டியின் விளிம்புக்கு வெளியே தொங்கிய பிலிமின் ஒரு முனை காற்றாடிக் காற்றில் காய்ந்திருந்தது. அதில் ஏதோ நிறம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். குடை. அம்மாவின் மஞ்சள் குடை, பழைய ரோலானதால் ஆரஞ்சாகியிருந்தது. குடைக்குக் கீழே அம்மா வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கேமராவைப் பிடித்திருந்த அந்த ஆளைப் பார்த்துத்தானே சிரிக்கிறாள் என்று உறைத்ததும், மூன்று மருந்துக்கும் வராத அருவருப்பு வந்தது. ஆனாலும் அம்மாவை எப்படிக் குப்பையில் விடுவது? டீத்தூளும் முட்டை ஓடும் கிடந்த தொட்டிக்குள் வெறுங்கையை விட்டு முழுவதையும் உருவி எடுத்தேன். தம்பியைக் கூப்பிட்டேன்.

ஓடி வந்தவன் போனில் தேடிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். ஸ்லைடு பிலிம் ஈரத்தில் அப்படித்தான் மங்கித் தெரியுமாம், காயக் காயத் தெளியுமாம். குழாயடியில் பிடித்து அலசி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டே வந்தது. அம்மா. குடை. பல்லில்லாமல் நான். மறுபடி அம்மா. அவன் மூச்சை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான்.

கீழ்முனையில், இன்னும் ஈரம் போகாத இடத்தில், ஒரு பெஞ்சில் இரண்டு ஆண்கள். தலை இரண்டும் மிளகு அளவுதான். ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து முழங்கால்மேல் கையை வைத்திருந்தார். அந்தக் கையை எனக்குத் தெரியும், எத்தனையோ நாள் வாட்ச் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்த கை. பக்கத்தில் சாய்ந்து கிடந்த ஆளின் முகத்தில் ஒரு டீத்தூள் துணுக்கு ஒட்டியிருந்தது. கட்டம் போட்ட சட்டையை வைத்தே அடையாளம் தெரிந்தது. வண்டி கூட்டி வரப் போட்டுக்கொண்டு போன சட்டை.

தம்பி முட்டி போட்டு, பிலிமுக்குப் பின்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்தான். அவன் விரல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் பக்கம் போய் நின்றது.

“இவருதானேக்கா? பாத்தாலே தெரியுது. எவ்வளவு அமைதியா இருக்காரு.”

நான் கொடியில் கிளிப்பைச் சரிசெய்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், மறுபடி பிலிமைப் பார்த்தான்.

“இன்னொருத்தர் மூஞ்சில டீத்தூள் ஒட்டியிருக்கு பாரு. பாத்து எடுக்கா. நகம் பட்டுடப் போவுது.”

அவன் வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். நான் வெட்டாத கட்டைவிரல் நகத்தை அந்தத் துணுக்கின்மேல் வைத்து அழுத்தினேன்.